யாருக்கு எந்த ஆயுதம்?

அத்தியாயம் 4

நான் முதன்முதலில் செய்து முடித்த சீதாவக்கைப் பொம்மைப் படையில் 24 பேர். 24 பேர் கையிலும் கஸ்தானை வாள். சிங்கமுகப் பிடி, லேசாக வளைந்த சின்ன அலகு, பிடிக்குத் தங்கப் பூச்சு. ஒரு வாளுக்கு ஒரு மாலைப்பொழுது போனது. அவிசாவளையில் வரலாறு படிப்பிக்கும் சிங்கள ஆசிரியர் ஒருவரிடம் அட்டைப்பெட்டியோடு கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு, வரிசையாகப் பார்த்தார்.

"எல்லாருமே முதலியார்தானா தம்பி? அப்ப சண்டை பிடிக்கிறது யாரு?"

"அழகா இருக்குமேன்னு வெச்சேன் சேர்."

"அழகாத்தான் இருக்கு. பெரஹரவுக்குப் போற மாதிரி இருக்கு."

அன்றிரவே 22 வாள்களைப் பிடுங்கினேன். இரண்டு மட்டும் மிஞ்சின. இந்த அத்தியாயம் அந்த 22 வெறுங்கைகளில் என்ன வைத்தேன், ஏன் வைத்தேன் என்பதைப் பற்றியது.

கஸ்தானை அந்தஸ்தின் அடையாளம். இன்று அருங்காட்சியகங்களில் நாம் பார்க்கும் கஸ்தானைகளில் பெரும்பாலானவை 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. ஆங்கிலேயர் காலத்திலும் முதலியார்கள் சடங்கு உடையோடு இடுப்பில் செருகிக்கொண்டது இதைத்தான். தேசியக் கொடியின் சிங்கம் தூக்கிப் பிடிப்பதும் இதுவே என்பதால், சிங்களப் படை என்றதும் நம் கை தானாக இந்த வாளுக்குப் போகிறது. 20 பேருக்கு ஒரு தலைவன், அவனுக்கு ஒரு கஸ்தானை. அதற்கு மேல் வேண்டாம்.

முதலில் ஆண்டு, பிறகு ஆயுதம்

தெஹியோவிட்டயில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் அவிசாவளை. அதுதான் பழைய சீதாவக்கை. தெரணியகலைப் பக்கத்து மலைகளில் பிறந்து வரும் சீதாவக்கை ஆறு அங்கேதான் களனியோடு கலக்கிறது. நாம் இறப்பர் மரத்தில் பால் வெட்டும் இந்த மேடுபள்ளங்களில்தான் ஓர் அரசின் படை நடந்தது. லயத்துப் பிள்ளைகளுக்கு நம் பாடப்புத்தகம் இதை இரண்டு பந்தியில் சொல்லிவிட்டுப் போய்விடும். ஆகவே பொம்மையைத் தொடுவதற்கு முன் நாலு ஆண்டுகளை மனதில் வையுங்கள்.

1521இல் கோட்டே மன்னன் ஏழாம் விஜயபாகு கொல்லப்பட்டு, நாடு மூன்று மகன்களுக்குப் பிரிந்தது. சீதாவக்கை மாயாதுன்னைக்கு. 1559இல் முல்லேரியாவின் சதுப்பில் அவன் மகன் டிக்கிரி பண்டார, பின்னாளில் முதலாம் இராஜசிங்கன், போர்த்துக்கேயரை நொறுக்கினான். 1587 தொடங்கி 1588 வரை அதே இராஜசிங்கன் கொழும்புக் கோட்டையை முற்றுகையிட்டும் பிடிக்க முடியவில்லை. 1593இல் காலில் மூங்கில் சிராய் ஏறி அவன் இறந்ததோடு சீதாவக்கையின் கதை முடிகிறது.

இந்த நாலில் எதை மேசைக்குக் கொண்டுவருகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் ஆயுதக் கணக்கு. 1559 என்றால் ஈட்டியும் வில்லும் கூட, துவக்கு குறைவு. 1587 என்றால் துவக்கைத் தாராளமாகக் கூட்டலாம், பீரங்கியும் வைக்கலாம். ஐரோப்பியர் எழுதிய மத்தியகாலப் போர்விளையாட்டு விதிப்புத்தகங்கள் பெரும்பாலும் 1500ஐ ஒட்டி முடிந்துவிடும். 1990இல் வந்த டி.பி.ஏ. கூட அப்படித்தான். நம் ஊரில் அம்பும் வெடிமருந்தும் ஒரே வரிசையில் நின்ற காலம் அதற்குப் பிறகுதான் வருகிறது. அதனால் துவக்குக்கு மட்டும் வேறு விதியிலிருந்து ஒரு பக்கம் கடன் வாங்க வேண்டியிருக்கும். விதிப்புத்தகத்துக்காக ஆண்டை மாற்றாதீர்கள்.

ஈட்டி: அதிகம் செய்ய வேண்டியதும் இதுதான், அதிகம் கெடுவதும் இதுதான்

கடையில் வரும் பொம்மைகளில் ஈட்டி உடலோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும். அது வளையும். பெட்டியிலிருந்து எடுக்கும்போது உடையும். நான் முதலில் செய்யும் வேலை அதை வெட்டி எறிவது. மூடிய கையில் 0.8 மி.மீ. துளை போட்டு, புது ஈட்டியைச் செருகுவேன்.

நீளத்துக்கு ஒரு கணக்கு. 28 மி.மீ. உருவம் என்பது ஏறத்தாழ 60இல் ஒரு பங்கு. 2.4 மீற்றர் ஈட்டி, அதாவது எட்டடிக்குச் சற்றுக் குறைவு, மேசையில் 40 மி.மீ. வரும். உருவத்தின் தலைக்கு மேல் ஒரு விரல்கடை நீட்டிக்கொண்டு நின்றால் சரி. 15 மி.மீ. உருவங்களுக்கு 22 மி.மீ. போதும். ஐரோப்பியப் பெட்டிகளில் வரும் ஐந்து மீற்றர் ஈட்டியை இந்தக் கணக்கில் வெட்டினால் 83 மி.மீ. வரும். அதைத் தூக்கிக்கொண்டு ஒருவன் இறப்பர் மலைக்குள் பத்து அடி நடக்கட்டும் பார்ப்போம். நம் ஒற்றையடிப் பாதைக்கும் கொடி பின்னிய காட்டுக்கும் அது ஒத்துவராது. விட்டுவிடுங்கள்.

எதில் செய்வது? நான் மூன்றைச் சோதித்துப் பார்த்தேன். விளக்குமாற்றுத் தென்னீர்க்கு முதல். அதன் அழகே ஒருபக்கம் மெலிந்து போவதுதான், அசல் மரக்காம்பு போலவே இருக்கும். வெயிலில் நன்றாகக் காயவைத்து, சூப்பர் குளூவைத் தடவி ஊறவிட்டால் இறுகிவிடும். ஆனால் மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்து லேசாக வளையும். ஆண்டுக்கு 3000 மி.மீ.க்கு மேல் மழை கொட்டும் ஊரில் இதையும் யோசிக்க வேண்டும். இரண்டாவது மூங்கில் சிராய். உறுதி உண்டு, ஆனால் ஒரே பருமனாகச் சீவுவதற்குள் விரல் கிழியும். இராஜசிங்கனுக்கு நேர்ந்ததை நினைத்துக்கொண்டு சீவுங்கள். மூன்றாவது மோட்டார் சைக்கிள் பிரேக் கேபிளின் உள் இழை. கராஜில் பழைய கேபிள் கேட்டால் சும்மா கொடுப்பார்கள். பிரித்து, இரண்டு குறட்டில் பிடித்து இழுத்து நிமிர்த்தி, நுனியைச் சுத்தியலால் தட்டினால் இலைபோல் விரியும். அரத்தால் இரண்டு இழுப்பு. ஈட்டிமுனை தயார். பிள்ளைகள் கையாளும் படை என்றால் கூர்முனையை மழுங்கவிட வேண்டும். கம்பி வளையாது, ஆனால் குத்தும்.

நான் இப்போது ஈட்டிக்குக் கம்பி, கொடிக்கம்பத்துக்கு ஈர்க்கு என்று பிரித்து வைத்திருக்கிறேன்.

தலைவர்களுக்குப் பின்னால் நிற்கும் ஓரிருவருக்கு மட்டும் பட்டிஸ்தானம் கொடுக்கலாம். அகன்ற அலகும் வேலைப்பாடும் உள்ள ஈட்டி அது. பால்மா டின்னின் தகட்டில் சிறு கத்தரியால் வெட்டி ஒட்டினால் வரும். வெட்டிய ஓரத்தை உப்புத்தாளில் தேய்க்காமல் விட்டால் உங்கள் கைதான் முதல் பலி.

கூத்து வாள் சொல்லித்தந்தது

சின்னப் பிள்ளையாக இருந்தபோது தோட்டத்தில் பொன்னர் சங்கர் கதையும் அருச்சுனன் தபசும் ஆடுவார்கள். பகலில் அந்த மரவாளை எடுத்துப் பார்த்தால் சிரிப்பு வரும். உள்ளங்கை அகலம், தேயிலைப் பெட்டியின் வெள்ளித்தாள் சுற்றியிருக்கும், பிடி உலக்கை மாதிரி. ஆனால் இரவில் பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில், கடைசி வரிசையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் கிழவிக்கும் அது வாளாகத் தெரியும். மெல்லிய அசல் வாள் அவள் கண்ணுக்குப் பட்டிருக்காது.

மேசையில் பொம்மையை நாம் பார்ப்பது ஒரு முழத்துக்கு அப்பாலிருந்து. அளவுகோல்படி கஸ்தானையின் அலகு அரை மி.மீ.கூட அகலம் வராது. அதை அப்படியே செய்தால் மயிரிழை மாதிரி இருக்கும், தொட்டால் முறியும். ஆகவே நீளத்தில் கணக்கை மீறாதீர்கள், பருமனில் மீறுங்கள். வாள் 12 மி.மீ. நீளம் என்றால் அகலம் ஒன்று முதல் ஒன்றேகால் மி.மீ. வரை போகலாம். பிடியில் உள்ள சிங்கமுகத்தைச் செதுக்க முயன்று கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். இபொக்சிப் பசையில் ஒரு கடுகு அளவு உருட்டி, ஊசியால் ஒரு வாய், இரண்டு கண். மஞ்சளில் ஒரு பொட்டு. போதும்.

துவக்கு

இது எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளும்.

பறங்கியர் வந்து நாலைந்து தலைமுறைக்குள் இத்தீவின் கொல்லர்கள் துவக்கு செய்வதில் அவர்களையே வியக்க வைத்தார்கள். சிங்களத் துவக்குக்கு மூன்று அடையாளம். குழல் நீளம். அடிக்கட்டை இரண்டாகப் பிளந்து மீன்வால் மாதிரி இருக்கும். விசைப் பொறி இடது பக்கத்தில் இருக்கும். ஐரோப்பியத் துவக்கில் அது வலப்பக்கம். இன்று கிடைக்கும் நல்ல மாதிரிகளில் தந்தமும் வெள்ளியும் பதித்திருப்பார்கள், ஆனால் அவை பெரிய இடத்துச் சொத்து. காலாட்படைக்கு வெறும் மரமும் இரும்பும்தான்.

கடைப் பொம்மைகளோடு வரும் ஐரோப்பியத் துவக்கைச் சிங்களத் துவக்காக மாற்றுவது இப்படி. அடிக்கட்டையை வெட்டிவிட்டு, அங்கே இபொக்சிப் பசையில் மீன்வால் ஒன்று பிசைந்து வையுங்கள். குழலைக் கழற்றி, 25 மி.மீ. வரும்படி கம்பி அல்லது ஊசிமருந்துச் சிரிஞ்சின் ஊசி ஒன்றைப் பொருத்துங்கள். புதிய, பாவிக்காத ஊசியாக இருக்கட்டும், நுனியை அரைத்துவிட வேண்டும். உள்ளே ஓட்டை இருப்பதால் குழல்வாய் தானாகக் கிடைத்துவிடும், துளைபோட வேண்டியதில்லை. பொறியை வலப்பக்கத்திலிருந்து சீவி இடப்பக்கம் ஒரு சிறு கட்டியாக ஒட்டுங்கள். இந்தக் கடைசி வேலையை யாரும் கவனிக்கப் போவதில்லை. ஆனால் எனக்குத் தெரியும் அல்லவா?

திரியை மறக்காதீர்கள். அந்தத் துவக்கு திரி வைத்துச் சுடுவது. தையல் நூலை மெழுகில் இழுத்து இடக்கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியில் ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள். இந்தச் சிவப்புப் புள்ளிதான் விளையாட்டிலும் முக்கியம். எங்கள் மேசையில் ஒவ்வொரு சுற்றுத் தொடக்கத்திலும் ஒரு பகடை உருட்டுவோம். ஒன்று விழுந்தால் மழை. மழை என்றால் அந்தச் சுற்றில் இரண்டு தரப்பிலும் ஒரு துவக்கும் வெடிக்காது, ஈட்டியும் வாளும் மட்டுமே. மழைப் பருவ மாதத்தில் நடக்கும் போர் என்றால் ஒன்று, இரண்டு இரண்டுக்குமே மழை. இதைச் சேர்த்த நாளிலிருந்து பாவம், எல்லாருக்கும் துவக்குக் கொடுத்துக்கொண்டிருந்த நண்பர்கள் ஈட்டிக்காரனைத் தேடிவரத் தொடங்கினார்கள்.

கொடித்துவக்கு என்று ஒன்று உண்டு. இரண்டு முன்னங்கால் வைத்துத் தரையில் ஊன்றிச் சுடும் சின்னப் பீரங்கி, வெட்டுக்கிளி மாதிரி குந்தியிருக்கும். செய்து பார்க்க ஆசை வரும். செய்யுங்கள், ஆனால் கண்டிக்காலப் போர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முல்லேரியாவுக்கு அது வேண்டாம் என்பது என் தீர்ப்பு.

கொம்பில்லாத யானை

பொம்மைக் கடையில் "இந்தியப் போர்யானை" என்று வாங்கினால் இரண்டு பெரிய கொம்பு, மேலே கோட்டை மாதிரி அம்பாரி, அதற்குள் மூன்று வில்லாளி. நம் மேசைக்கு மூன்றுமே இடைஞ்சல். இலங்கை ஆண் யானைகளில் கொம்பன் பத்தில் ஒன்றுகூட இல்லை. ஆகவே ஐந்து யானை வைத்தால் நாலின் கொம்பை வெட்டி, அடியில் ஒரு மி.மீ. குருத்து மட்டும் விடுங்கள். மிஞ்சிய ஒரு கொம்பனுக்கு வேண்டுமானால் கொம்பில் வாள் கட்டலாம். அது அரசனுடைய யானையாக இருக்கட்டும்.

அம்பாரியைக் கழற்றினால் முதுகில் ஒரு குழி தெரியும். பசையால் அடைத்து, கயிறும் ஒரு சாக்கு விரிப்பும் போட்டால் மறைந்துவிடும். பாகன் கையில் அங்குசம். அவ்வளவுதான். யானையின் வேலை வரிசையை உடைப்பது. 1587 முற்றுகையில் மதிலைத் தகர்க்கவும் யானையைத்தான் அனுப்பினார்கள். இராஜசிங்கனிடம் அப்போது 2200 யானை இருந்ததாகப் போர்த்துக்கேயர் எழுதிவைத்தார்கள். முற்றுகையிலிருந்து தப்பியவன் எதிரியின் கணக்கைக் குறைத்தா எழுதுவான்? மேசைக்கு இரண்டு போதும்.

குதிரைக்கு நாலு வரி போதும். இத்தீவில் குதிரை வளர்ப்பு வேரூன்றவில்லை, கடல் தாண்டி வந்த விலைமிக்க மிருகம் அது. ஒன்றிரண்டு தலைவர்களை ஏற்றுங்கள். அணிவகுத்த குதிரைப்படை வேண்டாம்.

எதிர்த்தரப்பு

போர்த்துக்கேயரைச் செய்வது சுலபம் என்று நினைப்போம். கப்பல் மாதிரி தொப்பி, மார்புக்கவசம், வீங்கிய காற்சட்டை. பத்துப் பேருக்கு இதைப் போடுங்கள், போதும். சேற்றில் இறங்கினால் இரும்பு எதிரியைவிட மோசம். மீதிப் பேருக்குத் துணிச்சட்டை, துவக்கு அல்லது வாளும் சிறு கேடயமும். பலரை வெறுங்காலோடு விடுங்கள்.

அவர்கள் படையில் பெரும்பகுதி லஸ்கரின்கள், அதாவது இந்த நாட்டு மனிதர்களே. அவர்கள் கையில் இருந்ததும் அதே ஈட்டி, அதே வில். கொண்டை, இடுப்புத்துணி, வெற்றுமார்பு எல்லாம் ஒன்றுதான். இதில் நமக்கு ஒரு லாபம் உண்டு. ஒரே 30 உருவங்களை இரண்டு தரப்புக்கும் பாவிக்கலாம். அடித்தட்டின் ஓரத்துக்கு ஒருபக்கம் கறுப்பு, மறுபக்கம் செங்கல் நிறம் பூசி, வேண்டிய பக்கத்தைத் திருப்பி வையுங்கள். இரண்டு படைக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. சொந்த ஊர்க்காரனையே எதிரில் நிறுத்துகிறோம் என்பது முதல் ஆட்டத்திலேயே கண்ணில் படும்.

சீதாவக்கைக்குத் துணை வந்தவர்களையும் சேர்க்கலாம். 1530களில் கோழிக்கோட்டுச் சாமூதிரியின் கப்பல்கள் மாயாதுன்னைக்கு உதவியாக நின்றன. 1538இல் மண்டபத்துக்கு அருகே வேதாளையில் போர்த்துக்கேயர் அந்தக் கடற்படையை முறியடித்தார்கள். அந்த ஆண்டுகளை ஆடுபவர்கள் ஒரு பத்து நாயர் வீரர்களை வாளும் வட்டப் பரிசையுமாகச் செய்யலாம். பரிசைக்கு மருந்துக் குளிசை அட்டையின் அலுமினியத்தைக் காகிதம் துளைக்கும் பொறியில் வைத்து அமுக்கினால் வட்டம் வந்துவிடும். பேனாமூடியின் முனையால் நடுவில் ஒரு அழுத்து, குமிழ் தயார்.

பாலில் ஒரு அச்சு

இறப்பர்த் தோட்டத்தில் இருந்துகொண்டு அச்சுக்குச் சிலிக்கன் வாங்க நான் ஒப்பவில்லை. சிரட்டையிலிருந்து எடுத்த பால் சில மணிநேரத்தில் உறையத் தொடங்கிவிடும், ஆகவே அமோனியா சேர்த்த பாலாக இருக்க வேண்டும். வடித்த தோட்டப்பாலில் மூன்றில் ஒரு பங்குதான் இறப்பர். இயந்திரத்தில் சுழற்றிக் கெட்டியாக்கிய பாலில் 60 வீதம். கிடைத்தால் இரண்டாவதையே வாங்குங்கள். அசல் உருவத்தின் மேல் மெல்லிய தூரிகையால் ஒரு பூச்சு. வெள்ளை மாறி மஞ்சளாகக் கண்ணாடிபோல் ஆன பிறகே அடுத்த பூச்சு. பத்துப் பன்னிரண்டு பூச்சு வேண்டும். நம் ஈரக்காற்றில் ஒரு வாரம் எடுக்கும், அவசரப்பட்டால் உள்ளே ஈரம் நின்று அச்சு நாறும்.

வார்ப்பதற்குச் சாந்து அல்லது ரெசின். ஈயம் வேண்டாம். உருக்கிய உலோகம் இந்த அச்சைக் கருக்கிவிடும், ஈயப்புகை வீட்டுப் பிள்ளைகளுக்கு விஷம். இங்கேதான் ஆயுதத்தைத் தனியாகச் செய்ய வேண்டிய காரணம் வருகிறது. சாந்தில் வார்த்த ஈட்டி அச்சிலிருந்து வெளியே வராது, வந்தாலும் நிற்காது. ஆகவே அசல் உருவத்தைக் கை மூடிய நிலையில், ஆயுதம் இல்லாமல் அச்செடுங்கள். காய்ந்த பிறகு துளை போட்டுச் செருகுங்கள். அப்போது ஒரே அச்சில் வந்த உருவம் ஈட்டிக்காரனும் ஆவான், கொடி பிடிப்பவனும் ஆவான். எண்ணெயும் வெயிலும் பட்டால் பால் அச்சு பிசுபிசுத்துப் போகும். பவுடர் தூவி நிழலில் வையுங்கள்.

ஒரு நாள் ஒதுக்கி, ஆயுதம் செய்வதற்கு முன்பே அசலைப் போய்ப் பாருங்கள். கொழும்புத் தேசிய அருங்காட்சியகம் 1877இல் திறந்தது. வாள், ஈட்டி, துவக்கு எல்லாம் கண்ணாடிக்குள் இருக்கின்றன. அதன் பணிப்பாளராக இருந்த பி. இ. பி. தெரணியகல 1942இல் சிங்கள ஆயுதங்களையும் கவசங்களையும் பற்றி எழுதிய நீண்ட கட்டுரை இன்றும் உதவும். பிடிக்கும் அலகுக்கும் உள்ள விகிதத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள், படம் எடுத்தால் மட்டும் போதாது. திரும்பும் வழியில் அவிசாவளையில் இறங்கி, இராஜசிங்கன் பைரவருக்கு எழுப்பியதாகச் சொல்லும் பெரெண்டி கோவிலின் கற்களையும் பார்த்துவிட்டு வாருங்கள். படைக்குக் கொடி வரைய அங்கே நல்ல செதுக்கல் கிடைக்கும்.

தொடங்குபவருக்கு நான் சொல்லும் கணக்கு, 1559க்கு: ஈட்டி 16, வில் 10, துவக்கு 6, கஸ்தானையோடு தலைவர் 2, யானை 1. அடுத்த அத்தியாயத்தில் நிறம் பூசப் போகிறோம். அதற்குள் 16 ஈட்டிக்காரரையும் முடித்து வையுங்கள். வாள் கடைசியில்.